மரத்தண்டு உணரிகள்: எது வளர்ச்சி, எது தண்ணீர்?

மார்பளவு உயரத்தில் டேப்பைச் சுற்றி, சுற்றளவைக் குறித்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி அளப்பது வனவியலின் நெடுநாளைய வழக்கம். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் அமைத்த 50 எக்டேர் ஆய்வுப் பரப்பில் 1 செ.மீ. விட்டமுள்ள சிறு மரம் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் எண் கட்டி இப்படித்தான் அளக்கிறார்கள். மரம் எவ்வளவு பருத்தது என்பதற்கு அது போதும். ஆனால் கோடைமழைக்குப் பின் எத்தனையாவது நாளில் பருக்கத் தொடங்கியது, ஆகஸ்ட் இடைவெளியில் நின்றதா, வடகிழக்குப் பருவமழையில் மறுபடி தொடர்ந்ததா என்று கேட்டால் டேப்பிடம் பதில் இல்லை. அதற்குத் தண்டிலேயே மாட்டிவைத்து அதன் பருமன் மாற்றத்தைத் தொடர்ந்து அளக்கும் டென்ட்ரோமீட்டர் என்ற கருவி வேண்டும்.

மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அதில் வரும் கோட்டைச் சரியாகப் படிப்பதுதான் கடினம். காரணம், தண்டின் பருமன் ஒரே நாளில் ஏறி இறங்குகிறது. பகலில் இலை இழுக்கும் அளவுக்கு வேர் தண்ணீர் தர முடியாதபோது உள்பட்டையிலும் அதை ஒட்டிய மென்திசுக்களிலும் இருக்கும் நீர் கட்டைக்குள் இழுக்கப்படுகிறது, தண்டு சுருங்குகிறது. இரவில் நீர் திரும்புகிறது, தண்டு உப்புகிறது. விடியற்காலையில் உச்சம், பிற்பகலில் அடிமட்டம். இந்த அன்றாட ஏற்ற இறக்கம் இனத்தையும் நாளையும் பொறுத்து ஆரத்தில் சில பத்து மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் சில நூறு மைக்ரான் வரை போகும். இப்போது வளர்ச்சியைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 3 மி.மீ. ஆரம் கூடும் தேக்கு, 150 நாள் பருவத்தில் நாளொன்றுக்குச் சராசரி 20 மைக்ரான்தான் பருக்கிறது. தேடுவது 20, அதன்மேல் ஆடும் அலையோ அதைப்போல் பல மடங்கு. கருவி தேர்வது, மாட்டும் மாதம், படிக்கும் நேரம், கணக்கீடு எல்லாமே இந்த இரண்டையும் பிரிப்பதற்காகத்தான்.

தேக்கை முன்வைத்தே சொல்கிறேன். ஆண்டுவளையம் தெளிவாக விழும், வெப்பமண்டலத்தில் அரிதான மரம் அது. இலையுதிர்காட்டில் கோடையில் மொட்டையாக நின்று மழையில் தழைப்பதால், கோட்டில் பருவம் பளிச்சென்று தெரியும். தென்னை, பனை, மூங்கிலில் மாட்டிப் பயனில்லை. பக்கவாட்டில் பருக்கவைக்கும் கேம்பியம் அவற்றுக்குக் கிடையாது. வரும் கோடு முழுக்கத் தண்ணீர்க் கணக்கு.

எந்தக் கருவி?

இரண்டு வகை போதும். ஒன்று வளைய டென்ட்ரோமீட்டர்: மரத்தைச் சுற்றி ஒரு தகட்டு நாடா, முனையில் ஸ்பிரிங், காலிப்பரால் கையால் படிப்பது. மற்றது முனை டென்ட்ரோமீட்டர்: கட்டையில் ஊன்றிய தாங்கியிலிருந்து ஒரு முள் பட்டையைத் தொட்டு நிற்கும், மின்னணுப் பதிவு. வளையம் மலிவு, பத்தாண்டு உழைக்கும், முழுச் சுற்றளவையும் சராசரியாக எடுக்கும். முனை உணரி ஒரே புள்ளியைத்தான் பார்க்கும், ஆனால் கால் மணிக்கொருமுறை பார்க்கும். நிதி குறைவென்றால், பத்து மரத்தில் வளையமும் அவற்றுள் மூன்றில் முனை உணரியும் மாட்டுவது எல்லாவற்றிலும் மின்னணு மாட்டுவதைவிட நல்ல ஏற்பாடு. ஒரே மரத்தில் இரண்டும் இருந்தால் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்கும்: வளையக் கணக்கை 6.283ஆல் (இரு மடங்கு பை) வகுத்தால் ஆரக் கணக்கு. ஆண்டு முடிவில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மரம் ஒரு பக்கமாகப் பருக்கிறது, அல்லது ஏதோ ஒரு கருவி பொய் சொல்கிறது.

வளையம் செய்வது

12 மி.மீ. அகலம், 0.15 முதல் 0.2 மி.மீ. கனமுள்ள எவர்சில்வர் நாடா வாங்குங்கள். இதைவிடக் கனமானால் பட்டையோடு ஒட்டி வளையாது. மெல்லியதானால் துளையிட்ட இடத்தில் கிழியும். மரத்தின் சுற்றளவோடு 25 செ.மீ. கூட்டி வெட்ட வேண்டும். ஒரு முனைக்கருகே அதே நாடாவில் செய்த சிறு கொளுவியை மாட்டி, மறு முனையை அதன் வழியாக நுழைத்து, மேலே வந்த முனைக்கும் அடியிலுள்ள நாடாவில் சற்றுத் தள்ளிய ஒரு துளைக்கும் இடையே எவர்சில்வர் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுவதுதான் அமைப்பு. மேல் நாடாவின் விளிம்பிலும் அடி நாடாவிலும் ஒவ்வொரு கீறல். காலிப்பரின் இரு உள்தாடைகளும் அந்தக் கீறல்களில் உட்காரும். கீறல்களுக்கு நடுவே உள்ள இந்த இடைவெளிதான் சாளரம்; மரம் பருக்கப் பருக்க அது திறக்கும். வெட்டு விளிம்பை அரத்தால் மழித்துவிடுங்கள். விளிம்புப் பிசிறில் தாடை ஏறி நின்றாலே 0.1 மி.மீ. பிழை.

ஸ்பிரிங் நீளமாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் ஒரே பருவத்தில் இழுவிசையை ஏகமாகக் கூட்டி, மென்பட்டையில் நாடாவைப் பதிய வைத்துவிடும். 15 செ.மீ. நீள ஸ்பிரிங்கை முதல் நாளில் 2 முதல் 3 செ.மீ. மட்டும் இழுத்து மாட்டினால் சரியாக இருக்கும்.

புதிதாக மாட்டிய வளையம் முதல் பருவத்தில் வளர்ச்சியைக் குறைத்தே காட்டும் என்பது எல்லா இடத்திலும் கண்ட உண்மை. உராய்வுதான் காரணம். நாடாவுக்கும் பட்டைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஸ்பிரிங் இழுக்கும் விசையில் மரத்தின் மறுபக்கத்துக்குப் போய்ச் சேருவது சுமார் 40 விழுக்காடுதான். அங்கே நாடா தளர்வாகவே இருக்கும். மரம் பருக்கும்போது முதலில் அந்தத் தளர்வு தின்னப்படும், அதன்பிறகே சாளரம் திறக்கும். ஆகவே அளவு தொடங்க வேண்டிய பருவத்துக்கு முந்தைய பருவத்திலேயே வளையத்தை மாட்டிவிடுவது நல்லது. அவசரமென்றால் மாட்டிய அன்று நாடாவைச் சுற்றிலும் விரலால் தட்டித் தட்டி உட்கார வையுங்கள். தளர்வு முழுவதும் போகாது, குறையும். தேக்கின் மேல்பட்டை மெல்லிய செதில்களாக உதிரும். நாடா ஓடும் தடத்தில் கையோடு வரும் செதிலை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். கருமருது போன்ற பாளம் பாளமான பட்டை என்றால் மரஅரம் தேவைப்படும்.

வளையத்தைப் படிக்க வேண்டியது விடியற்காலையில், வெயில் தண்டில் படுமுன். அப்போதுதான் தண்டு நீர் நிறைந்து உச்சத்தில் இருக்கும் என்பது முதல் காரணம். உலோகம் விரிவது இரண்டாவது காரணம்: 1 மீட்டர் எவர்சில்வர் 15 டிகிரி சூடேறினால் சுமார் 0.25 மி.மீ. நீளும். காலை ஒருநாள், மதியம் ஒருநாள் என்று படித்த கணக்கில் இவ்விரு பிழைகளும் சேர்ந்து ஒரு வார வளர்ச்சியை விழுங்கிவிடும்.

சிறு மரத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காலிப்பர் அளப்பது நேர்கோட்டை. சாளரம் திறந்திருப்பது வளைவாக. 20 செ.மீ. விட்ட மரத்தில் சாளரம் வளைவாக 100 மி.மீ. திறந்திருந்தால் காலிப்பர் 95.9 என்று காட்டும். 60 செ.மீ. மரத்தில் 99.5. இதைவிட முக்கியம், சிறு மரத்தில் அந்த நிலையிலிருந்து மேற்கொண்டு திறக்கும் ஒவ்வொரு மி.மீ.யும் 0.88 மி.மீ. என்றே பதிவாகும், அதாவது வளர்ச்சியில் 12 விழுக்காடு காணாமல் போகும். விட்டத்தோடு, 'காலிப்பர் அளவு வகுத்தல் விட்டம்' என்பதன் நேர்மாறு சைனை ரேடியனில் எடுத்துப் பெருக்கினால் வளைவு நீளம் கிடைக்கும். எக்செல்லில் ஒரே வரி.

முனை உணரி: துளையும் தாங்கியும்

உயரம் முதலில். உலகின் பல பகுதிகளில் மார்பளவு உயரம் 1.3 மீ.; இந்திய வனத்துறைக் கணக்கில் 1.37 மீ. எதை எடுத்தாலும் அதையே கடைசிவரை வையுங்கள். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். கிளைக்கணு, பழைய வெட்டுக்காயம், அடித்தண்டு பள்ளம் விழுந்த இடம் ஆகியவற்றை விட்டுத் தள்ளி வாருங்கள். வயதான தேக்கில் அடியிலிருந்தே நெளிநெளியாகப் பள்ளம் ஓடும். பள்ளத்தில் வளர்ச்சி வேறு, மேட்டில் வேறு. சாய்ந்த மரமானால் சாய்வுக்குச் செங்குத்தான பக்கத்தில் மாட்ட வேண்டும், ஏனென்றால் அகன்ற இலை மரங்கள் சாய்வின் மேல்பக்கத்தில் இழுவிசைக் கட்டையைக் கூடுதலாகப் போடும்.

ஐரோப்பியக் கையேடுகள் வடபக்கம் மாட்டச் சொல்லும், வெயில் படாது என்று. நம் ஊரில் அது பாதி ஆண்டுக்குத்தான் பொருந்தும். முதுமலை 11.6 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது, காலை மாலை வெயிலும் அப்போது வடபக்கமே. மொட்டை மரத்துக்கு நிழலும் கிடையாது. எந்தப் பக்கமானாலும் வெள்ளையடித்த ஒரு மறைப்புத் தகட்டைக் காற்றோட்டம் விட்டுப் பொருத்துங்கள்.

தாங்கிக்கு 6 மி.மீ. எவர்சில்வர் மரைக்கம்பி இரண்டு அல்லது மூன்று. 5 மி.மீ. டிரில் பிட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் குறைந்தது 6 செ.மீ. போகும்படி துளைத்து, கம்பியை முறுக்கி ஏற்ற வேண்டும். தொடக்கத்தில் இறுக்கமாக நின்று ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும் கம்பிகள் எல்லாம் வெளிக்கட்டையில் மேலாக ஊன்றியவையே. துளையிட்ட இடத்தைச் சுற்றி மரம் காயத்தை மூட அதிகமாகத் திசு வளர்க்கும். ஆகவே முள் தொடும் புள்ளி கம்பியிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தேக்கில் பிசின் தொல்லை இல்லை. வேங்கை, வேம்பு, வாகையில் காயத்திலிருந்து வடியும் பிசின் கீழேயுள்ள முள்ளில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். அந்த மரங்களில் கம்பி கீழே, முள் மேலே வரும்படி தாங்கியைத் தலைகீழாக்க வேண்டும்.

முள் தொடும் இடத்தில் செத்த மேல்பட்டையை மரஅரத்தால் தேய்த்து மெல்லியதாக்குங்கள். செத்த பட்டை பஞ்சைப்போல மழைநீரைக் குடித்து உப்பும். அது கனமாக இருந்தால் கோட்டில் பாதி அதன் கூத்துதான். ஆனால் ஈரமாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் தெரிந்தவுடன் கையை நிறுத்திவிட வேண்டும், அது உயிருள்ள உள்பட்டை. அதைக் கீறினால் மரம் அந்தப் புள்ளியில் ஆறும் திசுவைப் போடும். உணரி மாதக்கணக்கில் காயத்தின் வளர்ச்சியை அளந்துகொண்டிருக்கும். முள்ளின் நுனியில் 6 முதல் 8 மி.மீ. அகல வட்டத்தகடு ஒன்று இருந்தால் பட்டைக்குள் புதையாது. அழுத்தும் ஸ்பிரிங் 100 கிராம் எடை அளவுக்கு மேல் வேண்டாம்.

மரம் பருக்கப் பருக்க முள் உணரிக்குள் தள்ளப்படும். 10 மி.மீ. ஓட்டமுள்ள உணரியைத் தொடக்கத்தில் 2 மி.மீ. உள்ளே தள்ளிய நிலையில் பூட்டுங்கள்: வறட்சியில் தண்டு சுருங்கும்போது முள் வெளியே வர அந்த 2 மி.மீ., பருக்க மிச்சம் 8. சரிநடுவில் பூட்டுவது வீண். ஓட்டம் தீர்ந்தால் கோடு தட்டையாகிவிடும். வளர்ச்சி நின்றதைப் போலவே தோற்றமளிக்கும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. அன்றாட ஏற்ற இறக்கமும் சேர்ந்து மறைந்திருந்தால் ஓட்டம் தீர்ந்தது என்று பொருள்.

மின்னணுப் பகுதி

சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் கரிஇழைத் தாங்கி வைத்த விலையுயர்ந்த உணரிகளை மாட்டுகிறார்கள். வெப்பத்தில் கரிஇழை கிட்டத்தட்ட விரிவதே இல்லை. நம் கைக்கு எட்டியது 10 மி.மீ. ஓட்டமுள்ள, 10 கிலோஓம் நேர்கோட்டுப் பொட்டென்ஷியோமீட்டர். முள் நகர நகர அது தரும் மின்னழுத்தம் மாறும். அதை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் சில்லு படிக்கும். 4.096 வோல்ட் எல்லையில் அதன் ஒரு படி 125 மைக்ரோவோல்ட், 3.3 வோல்ட் கொடுத்தால் 10 மி.மீ. ஓட்டத்தில் ஒரு படி சுமார் 0.38 மைக்ரான். இது காகிதக் கணக்கு. உராய்வும் இரைச்சலும் சேர்ந்து நடைமுறையில் சில மைக்ரான் என்றாகும், அதுவே தாராளம். ஒவ்வொரு முறையும் 32 தடவை படித்து நடுமதிப்பை எழுதுங்கள்.

மின்கலம் இறங்க இறங்க 3.3 வோல்ட்டும் கொஞ்சம் அசையும். அந்த அசைவு கோட்டில் மெதுவான வளர்ச்சியாகவோ சுருக்கமாகவோ தெரியும், சந்தேகமே வராது. சில்லில் நான்கு உள்ளீடுகள் இருக்கின்றன. ஒன்றில் முள்ளின் மின்னழுத்தம், இன்னொன்றில் பொட்டென்ஷியோமீட்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் இரண்டையும் படித்து விகிதத்தை மட்டும் சேமித்தால் இந்தத் தொல்லை அடியோடு போய்விடும். இதைச் செய்யாத வீட்டுத்தயாரிப்புக் கருவிகள்தான் அதிகம்.

பொட்டென்ஷியோமீட்டருக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்க வேண்டாம். 10 கிலோஓமில் 0.33 மில்லியாம்பியர் ஓடும், நாளைக்கு 8 மில்லியாம்பியர்-மணி வீண். படிக்கும் அரை விநாடிக்கு மட்டும் திறந்து மூடினால் போதும். எல்லாவற்றையும் இயக்கும் சிறு கணினிப் பலகையான 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினியில் விளக்கையும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டுத் தூங்க வைத்தால் மின்கலம் மாதக்கணக்கில் வரும். உண்மையில் மின்சாரத்தைத் தின்பது மெமரி கார்டு. கால் மணிக்கொருமுறை படித்தால் நாளைக்கு 96 பதிவு. ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் 768 பைட். டிஎஸ்3231 கடிகார மாட்யூலிலேயே ஒட்டியிருக்கும் 4 கிலோபைட் நினைவகத்தில் அதைச் சேர்த்துவைத்து, கார்டுக்கு நாளுக்கு ஒருமுறை மட்டும் மின்சாரம் கொடுத்து எழுதுங்கள். மலிவான அந்த மாட்யூல்களில் சிறு மின்கலத்தைச் சார்ஜ் செய்யும் ஒரு டயோடு இருக்கும். சார்ஜ் ஆகாத சிஆர்2032 போடுவதானால் அதைப் பெயர்த்தெடுத்துவிட வேண்டும், இல்லையேல் மின்கலம் உப்பிக் கெடும்.

மாட்டுமுன் அளவைச் சரிபார்க்க லேத் பட்டறையிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் கடன் வாங்கினால் போதும். 0.5 மி.மீ. படிகளாக முழு ஓட்டத்துக்கும் ஏற்றி, பிறகு இறக்கிப் படியுங்கள். ஏற்றமும் இறக்கமும் ஒரே கோட்டில் விழாத உணரி உராய்வுள்ளது, அதை மரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வெப்பத்துக்கும் கணக்கு வேண்டும். கட்டைக்கும் உணரிக்கும் இடையே வெளியில் நிற்கும் கம்பி 60 மி.மீ. என்றால், 15 டிகிரி மாற்றத்தில் அது 15 மைக்ரான் நீளும். நீண்டால் உணரி பட்டையைவிட்டு விலகும், மரம் சுருங்கியதாகக் காட்டும். மதிய வெயிலில் மரமும் சுருங்குவதால் பிழை உண்மையோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும். ஒரே மாதிரி தாங்கியையும் உணரியையும் ஒரு கருங்கல் துண்டில் மாட்டி மரத்தடியில் அதே நிழலில் வைத்துவிடுங்கள். கல் டிகிரிக்கு மீட்டருக்கு 7 முதல் 9 மைக்ரான்தான் விரியும். அது காட்டும் அன்றாட அலைதான் கருவியின் சொந்த அலை.

எப்போது மாட்டுவது?

இதில்தான் பலர் ஓராண்டு தரவை இழக்கிறார்கள். ஏப்ரல் கோடையில், இலை இல்லாத தேக்கில், காடு எரியாத நேரம் பார்த்து மாட்டினால் வசதியாக இருக்கும். அடுத்து முதல் கோடைமழை விழும். வறண்டு சுருங்கியிருந்த தண்டு சில நாட்களில் நீர் குடித்து உப்பும். கோடு செங்குத்தாக ஏறும். அதற்கு முந்தைய உச்சம் எதுவென்று கருவிக்குத் தெரியாததால், இழந்த நீரைத் திரும்பப் பெற்றதெல்லாம் வளர்ச்சிக் கணக்கில் போய்ச் சேரும். நீர் நிறைந்த நிலையில் மாட்டினால் இந்தச் சிக்கலே எழாது. தென்மேற்குப் பருவமழை பெறும் காடுகளில் செப்டம்பர், அக்டோபர். வடகிழக்குப் பருவமழையை நம்பிய சமவெளியில் நவம்பர், டிசம்பர். அன்றைய உச்சமே கணக்கின் தொடக்கப்புள்ளி.

மழையில்லாமலும் தண்டு உப்பும். இலை உதிர்ந்தவுடன் நீர் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஆழத்து வேர் எட்டும் ஈரத்தைக் கொண்டு தண்டு தன்னை மெல்ல நிரப்பிக்கொள்கிறது. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே வறண்ட காடுகளில் 1980களில் இதை விரிவாகக் காட்டினார்கள்: உச்சக் கோடையில் இலையுதிர்த்து, தண்டு உப்பி, பூத்த மரங்கள். பிப்ரவரியில் ஏறும் கோட்டைப் பார்த்ததும் வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது.

கோட்டைப் பிரிப்பது

இப்போது பெரும்பாலோர் பின்பற்றுவது சுவிட்சர்லாந்தில் மரத்தண்டுகளில் உணரி மாட்டி அளக்கும் ட்ரீநெட் குழுவினர் 2016இல் முன்வைத்த வழி. விதி எளிது: தண்டு இதற்குமுன் தொட்ட உச்சத்தைத் தாண்டும்போது மட்டும் வளர்ச்சி, உச்சத்துக்குக் கீழே இருக்கும் நேரமெல்லாம் வளர்ச்சி சுழி. உச்சத்துக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள இடைவெளி மரத்தின் நீர்ப்பற்றாக்குறை. சுருங்கிய தண்டில் செல்கள் விரியத் தேவையான உள்ளழுத்தம் இல்லை என்ற உடலியல் அதற்கு அடிப்படை. ஒரே கோட்டிலிருந்து படிக்கட்டுபோன்ற வளர்ச்சிக்கோடும், தொங்கும் பற்றாக்குறைக்கோடும் பிரிந்து வரும். கணினியில் 'இதுவரையிலான உச்சம்' என்ற ஒரே கட்டளை. ஆர் என்ற கணினி மொழியில் ட்ரீநெட்ப்ராக் என்ற தொகுப்பு, கோட்டின் திடீர்த் தாவல்களைத் திருத்துவது உட்பட எல்லாவற்றையும் செய்துவிடும்.

அதே குழு 7 இனங்களைச் சேர்ந்த 170 மரங்களை 50 இடங்களில் எட்டு ஆண்டு அளந்து 2021இல் வெளியிட்ட முடிவு, ஆரவளர்ச்சி பெரும்பாலும் இரவில் நடக்கிறது என்பது. காற்றின் நீராவிப் பற்றாக்குறை (காற்று நிறைய இன்னும் எவ்வளவு நீராவி வேண்டும் என்பதன் அழுத்தக் கணக்கு) 0.4 கிலோபாஸ்கலைத் தாண்டினால் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 22 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் அந்த எல்லை. 28 டிகிரி இரவில் ஏறக்குறைய 90 விழுக்காடு தேவை. அந்த எண் குளிர்நாட்டு மரங்களுடையது, அப்படியே தேக்குக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் தண்டு உணரியோடு வெப்பமும் ஈரப்பதமும் பதியாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. மழைமானியும், 30, 60 செ.மீ. ஆழங்களில் மண்ணீர் உணரியும் சேர்ந்தால் நிறைவு.

உச்ச விதிக்கும் ஓட்டைகள் உண்டு. மூன்று நாள் அடைமழையில் பட்டை ஊறி உச்சத்தைத் தாண்டும். விதி அதை வளர்ச்சி என்று எழுதும். வெயில் வந்தபின் கோடு இறங்கினாலும் எழுதியது எழுதியதுதான். மழைக்குப்பின் ஒரு வாரத்து விடியற்கால உச்சங்களை வரிசையாகப் பாருங்கள். அவை மழைநாள் உச்சத்துக்குத் திரும்பவே இல்லையென்றால் அந்தப் படி பட்டையினுடையது. எதிர்த்திசையில், செத்த பட்டைச் செதில் முள்ளுக்கடியில் உதிர்ந்தால் கோடு திடீரென விழுந்து, அதற்குப்பிறகு வரும் உண்மை வளர்ச்சி பழைய உச்சத்தை எட்டும்வரை கணக்கில் வராது. ஒரே பதிவு இடைவெளியில் 100 மைக்ரானுக்கு மேல் தாவினால் அது மரத்தின் வேலையல்ல. மழையானாலும் உப்ப நேரம் எடுக்கும். தாவலைத் திருத்துங்கள், ஆனால் மூலப் பதிவைத் தொடாமல் தனிக் கோப்பில்.

பருவக்கோட்டுக்குக் கோம்பெர்ட்ஸ் சமன்பாட்டைப் பொருத்துவது குளிர்நாட்டு வழக்கம்: மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, மெல்ல நிற்கும் ஒரே வளைவு. கோடைமழை, தென்மேற்கு, வடகிழக்கு என மூன்று தவணையாக மழை பெறும் இடத்தில் அந்த ஒற்றை வளைவை வலிந்து பொருத்தினால், இடையில் நின்ற நாட்களை அது மழுப்பிவிடும். வாராந்திர வளர்ச்சியைப் பட்டைவரைபடமாகப் போட்டு மழையை மேலே தொங்கவிடுவது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

பருமன் கூடுவதும் கட்டை எடை கூடுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. செல் முதலில் விரிகிறது, சுவர் பிறகு தடிக்கிறது. வடகோள ஊசியிலைக் காடுகளில் இந்தத் தாமதம் ஒரு மாதத்துக்கும் மேல் என்று 2015இல் காட்டியிருக்கிறார்கள். கார்பன் கணக்குக்காக அளப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கேம்பியம் விழித்ததா என்பதை ஐயமின்றி அறிய, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரெஃபோர் போன்ற கருவியால் 2 மி.மீ. கனமுள்ள நுண்கட்டைத் துண்டுகளை வாராவாரம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி.

காட்டில் கெடுவது

கறையானுக்கு முள்ளின் வட்டத்தகடு நல்ல கூரை. ஓரிரு இரவில் அதற்கடியில் மண் ஏற்றிவிடும். கோட்டில் அது பல நூறு மைக்ரான் வளர்ச்சி. எறும்பு உணரிப் பெட்டிக்குள் முட்டையோடு குடியேறும். கம்பிவடம் நுழையும் துளைகளைச் சிலிக்கானால் அடைத்து, தாங்கிக் கம்பியில் கெட்டிக் கிரீஸ் தடவுங்கள். தண்டில் தடவ வேண்டாம், பட்டை மூச்சடைத்து ஊறும். அணிலும் முள்ளம்பன்றியும் வடத்தைக் கடிக்கும். கொசுவலைக் கம்பி போதாது, உலோக வளைகுழாய்க்குள் வடத்தைச் செலுத்த வேண்டும். வடம் பெட்டிக்குள் கீழிருந்து நுழையட்டும், நுழையுமுன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கே சொட்டிவிடும். பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் சில்லின் கால்களுக்கிடையே மின்கசிவு வந்து, இரவில் மட்டும் கோடு நடுங்கும். சர்க்யூட் போர்டில் நகச்சாயம் இரண்டு பூச்சு, உள்ளே சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம்.

யானை முதுகு தேய்க்கும் மரத்தைக் கண்டுபிடிப்பது எளிது: இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சேறு அப்பி வழவழவென்றிருக்கும். அதைத் தவிர்ப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. குரங்குக்கும் மனிதருக்கும் பளபளப்பு ஒரு கவர்ச்சி. வளையத்தின் வெளிப்பக்கத்தை மண்நிறத்தில் பூசிவிடுங்கள், காலிப்பர் கீறலை மட்டும் விட்டு.

சரணாலயத்துக்குள் இதைச் செய்ய 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். மரத்தில் துளையிடுவதை விண்ணப்பத்தில் தனியாகக் குறிப்பிடுவது நல்லது. துளைக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால் வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு ஆணி ஒன்றும் தேவையில்லை.

ஆய்வு முடிந்ததும் வளையத்தைக் கட்டாயம் வெட்டி எடுக்க வேண்டும். ஸ்பிரிங் ஓட்டம் தீர்ந்த வளையத்தை மரம் இரண்டு மூன்று ஆண்டில் விழுங்கத் தொடங்கும், உள்பட்டை நசுங்கும். மரைக்கம்பிகளையும் முறுக்கிக் கழற்றுங்கள். தோட்டத் தேக்கில் கம்பியின் துண்டு உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டால், உயரத்தையும் திசையையும் மரத்தில் வண்ணத்தாலும் பதிவேட்டில் எழுத்தாலும் குறித்து, மரத்துக்கு உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் அறுவை மில்லில் நாடாரம்பம் அதன்மேல் மோதினால் பல் போவதோடு நிற்காது, பக்கத்தில் நிற்பவர் கண்ணும் போகும்.